ஏழாம் தொட்டியின் எடை

ஏழாம் தொட்டி காலியாக இருந்தது. ஆனாலும் ஒரு பெரிய அரிசி மூட்டை அளவுக்கு அதன் எடை கூடியிருந்தது. லிடுவினா மறுபடியும் கூட்டிப் பார்த்தாள். சுவர், ஏணி, குழாய், வால்வு. கண்ணில் தெரிவது அவ்வளவுதான். எடைக்கருவியோ அதற்கு மேல் சொன்னது.

தூத்துக்குடிக்குக் கிழக்கே கடலில் மிதக்கும் மேடை அது. கடல்நீரின் உப்பை நீக்கி நகரத்துக்கு அனுப்புவது அதன் தொழில். மேடையின் அடியில் வரிசையாகத் தொட்டிகள் உண்டு. காற்று பலக்கும் நாளில் அவற்றில் கடல்நீரை நிரப்புவார்கள். மேடை கனத்து, தாழ்ந்து, அலைக்கு அசராமல் நிற்கும். இன்று மதியத்துக்கு மேல் வாடைக் காற்று அடிக்கும் என்று அறிவிப்பு வந்திருந்ததால், முதல் தொட்டியிலிருந்து ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு வந்தார்கள். இப்போது ஐந்தாவது நிரம்பிக்கொண்டிருந்தது.

தொட்டிக்குள் விளக்கு கிடையாது. வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும், பாசி பிடித்தால் குழாய் அடைக்கும். ஆகவே உள்ளே போகிறவர்கள் கண்வில்லை அணிந்துதான் போவார்கள். சுவரெங்கும் பதித்த சென்சார்கள் நொடிக்கு நொடி அளந்து, மேடை முழுவதையும் ஒரு முப்பரிமாண மாதிரியாக வைத்திருக்கும். கண்வில்லை அந்த மாதிரியைத்தான் இருட்டின் மேல் வரைந்து காட்டும். முந்தைய தலைமுறைக் கட்டட வரைவாளர்கள் கணினித் திரையில் வைத்திருந்த மென்பொருளைத்தான் இவர்கள் கண்ணில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். வில்லையைக் கழற்றினால் வெறும் இருட்டு.

அந்த மாதிரியைப் பராமரிப்பது லிடுவினாவின் பொறுப்பு. மாதிரியும் நிஜமும் ஒத்துப்போகாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

"என்னம்மா, இன்னும் அதையே பாத்துக்கிட்டு இருக்க?" பால்துரை அண்ணாச்சி கட்டுப்பாட்டு அறைக்குள் வந்தார். மேடையின் தலைமைப் பொறுப்பாளர். கையில் தேநீர்க் குவளை, கண் சன்னல் வழியாகக் கடலில்.

"ஏழுல எடை கூடுது அண்ணாச்சி."

"தண்ணி கொஞ்சம் நின்னுருக்கும்."

"தண்ணின்னா பரவி நிக்கும். தொட்டிக்கு நாலு காலு, நாலுலயும் எடை சமமா ஏறணும். இது ஒரு காலுல கூடுது, அப்புறம் இன்னொரு காலுக்குப் போவுது."

"அப்ப களவா மீனு புகுந்துருக்கும். பெருசா இருந்தா சொல்லு, ராத்திரிக்குக் கொழம்பு வச்சிருவோம்."

"காலித் தொட்டியில மீனு நடக்குமா அண்ணாச்சி?"

"ஒன் மாதிரியில எதுவும் நடக்கும். ஆள் எண்ணிக்கை என்ன சொல்லுது?"

"பூஜ்யம்."

"பெறவு என்ன? மூடி பூட்டியாச்சு. ஆறு முடிஞ்சதும் ஏழத் தொறந்து விடச் சொல்லு. காத்து நமக்காவக் காத்துக்கிட்டு இருக்காது."

அவர் சொன்னதில் தப்பில்லை. தொட்டிக்குள் ஆள் யாரும் இல்லை என்று காட்சி உறுதி சொன்னால்தான் மூடி பூட்டிக்கொள்ளும். ஏழாம் தொட்டியின் மூடியைக் காலையில் லிடுவினாவே பூட்டினாள். குனிந்து உள்ளே பார்த்தாள். தரை வரை எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. யாருமில்லை. துருப்பிடித்த இடங்களை ஒட்டவைக்கும் வெல்டர் இசக்கியப்பன் நேற்று முதல் அங்கே வேலை செய்துகொண்டிருந்தார். ஆனால் மகளின் காதுகுத்துக்குக் காலைப் படகில் கரைக்குப் போகிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். படகும் போய்விட்டது.

எடைக்கருவியின் மேல் சந்தேகப்பட்டு மாற்றுக் கருவியை இணைத்தாள். அதுவும் அதையே சொன்னது. உப்புப் படிவாக இருக்குமோ என்று யோசித்தாள். உப்பு ஒரே காலையில் மூட்டைக் கணக்கில் படியாது; இடமும் மாறாது.

அப்போதுதான் கரையிலிருந்து அழைப்பு வந்தது. இசக்கியப்பனின் மனைவி முத்துக்கனி. பின்னால் மேளச் சத்தமும் குழந்தைகளின் கூச்சலும் கேட்டன.

"யக்கா, எங்க வீட்டுக்காரவிய எங்க? இங்க மாமன் மடியில பிள்ளைய உக்கார வச்சாச்சு. அப்பனக் காணும். போன் போட்டா எடுக்க மாட்டங்காவ."

"காலைப் படகுல வரலையா?"

"படகு வந்து எவ்வளவு நேரமாச்சு! படகுக்காரருட்ட கேட்டுட்டேன். ஏறவே இல்லன்னுட்டாரு."

"நான் பாத்துச் சொல்லுதேன்" என்று மட்டும் சொல்லி லிடுவினா அழைப்பை வைத்தாள். மேடை முழுவதையும் காட்சியில் தேடினாள். சமையல் கூடம், படுக்கை அறைகள், பம்ப் கூடம், மேல்தளம். எங்கும் இசக்கியப்பன் இல்லை. அழைத்துப் பார்த்தாள். மணி போனது, பதில் வரவில்லை. வேலைக்கு இறங்குகிறவர்கள் போனைப் படுக்கை அறையிலேயே விட்டுப்போவதுண்டு.

ஆறாம் தொட்டிக்குள் தண்ணீர் இறங்கும் இரைச்சல் கேட்கத் தொடங்கியது.

கையை மடியில் கட்டிக்கொண்டு யோசித்தாள். எடைக்கருவி ஓர் எண்ணைச் சொல்கிறது. தன்னிடம் உள்ள பொருள்களை எல்லாம் கூட்டச் சொன்னால் மாதிரி எந்த எண்ணைச் சொல்லும்? கேட்டுப் பார்த்தாள். எடைக்கருவி சொன்ன அதே எண். அவள் கண்ணால் பார்த்துக் கூட்டியது மட்டும்தான் குறைந்தது. அப்படியானால் மாதிரிக்கு அந்தப் பொருள் தெரியும். அவளுக்குத்தான் தெரியவில்லை.

மாதிரியில் உள்ள ஒன்று காட்சியில் இல்லையென்றால் காரணம் ஒன்றுதான். யாரோ அதை மறைத்திருக்கிறார்கள்.

மறைப்பது அந்த மேடையில் தினசரி வழக்கம். குழாய்க்குப் பின்னால் உள்ள வால்வைப் பார்க்கவேண்டும் என்றால் குழாயை மறைத்துக்கொள்ளலாம். குழாய் அழியாது. அங்கேயேதான் இருக்கும், எடை குறையாது, முட்டினால் வலிக்கும். கண்ணுக்கு மட்டும் தெரியாது. மனிதரையும் அப்படியே. எதிரில் நின்று வளவளவென்று பேசுகிறவரிடம், "கொஞ்சம் மறைச்சுக்கிடுதேன், தப்பா நெனைக்காதீய" என்று சொல்லிவிட்டு மறைத்துக்கொள்வார்கள். அவருடைய உருவத்தைக் கண்வில்லையும், குரலையும் அழைப்பையும் அதோடு மாட்டும் காதுக்கருவியும் தடுத்துவிடும். நிம்மதியாக வேலை பார்க்கலாம். காட்சியைச் சுற்றி ஒரு நீல விளிம்பு தெரியும். எதையோ மறைத்து வைத்திருக்கிறாய், மறந்துவிடாதே என்று அதற்குப் பொருள். வேலை முடிந்து காட்சியை மூடினால் மறைந்ததெல்லாம் திரும்பிவிடும்.

இன்னொரு வழி, தனித்துக் காட்டல். அது நேர் எதிர். ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்தால் அது மட்டும் நிற்கும், மற்ற அத்தனையும் மறையும். ஒருவரை மறைப்பதானால் சொல்லிவிட்டு மறைப்பது மேடையின் மரியாதை. ஒன்றைத் தனித்துக் காட்டும்போது மிச்சமுள்ள எல்லாரிடமும் யார் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்?

லிடுவினாவுக்குக் காலை நினைவுக்கு வந்தது. ஏழாம் தொட்டியின் அடி வால்வு கசிவதாக அண்ணாச்சி சொன்னார். அந்த வால்வை மட்டும் தனித்துக் காட்டிப் பார்த்தாள். அண்ணாச்சி தன் அறையிலிருந்தே பார்க்க ஆசைப்பட்டார். தற்காலிக மறைப்பு, மறைத்தவரின் கண்ணோடு சரி, அடுத்தவருக்குப் போகாது. ஆகவே 'நிலையாக்கு' பொத்தானை அழுத்தினாள். ஏழாம் தொட்டியின் பொதுக்காட்சியே அப்படி ஆனது. நீல விளிம்பு அணைந்தது. அண்ணாச்சி பார்த்தார், வால்வு சரி என்றார். பிறகு அவள் மறைந்தவற்றை ஒவ்வொரு வகையாகத் திரும்பக் கொண்டுவந்தாள். சுவர் இல்லையே, கொண்டுவா. ஏணி இல்லையே, கொண்டுவா. குழாய். எது இல்லாதது உறுத்தியதோ அதையெல்லாம் கொண்டுவந்தாள்.

'மனிதர்' என்ற வகை அவளுக்கு உறுத்தவில்லை. காலித் தொட்டியில் மனிதர் இல்லாதது யாருக்கு உறுத்தும்?

'மறைந்தவை காட்டு' என்பதை அழுத்தினாள். காட்சியின் விளிம்பு குங்கும நிறமானது. தொட்டியின் மூலையில், அதே நிறக் கோடுகளில் ஒரு மனிதன் எழுந்தான். ஏணியின் உச்சியில் ஏறி நின்று மூடியை ஒரு ஸ்பானரால் தட்டினான். பம்ப் இரைச்சலில் அந்தச் சத்தம் யாருக்கும் எட்டியிருக்கவில்லை. பிறகு இறங்கினான். எதிர்ச் சுவருக்கு நடந்தான். அதையும் தட்டினான்.

"அண்ணாச்சி! பம்ப நிப்பாட்டுங்க! ஏழுல இசக்கியண்ணன் இருக்காவ!"

பால்துரை குவளையை எங்கே வைத்தார் என்று அவருக்கே தெரியாது. பம்ப் கூடத்துக்குக் குரல் கொடுத்துக்கொண்டே ஓடினார். லிடுவினா அவருக்கு முன்னால் ஓடினாள். ஆறாம் தொட்டியின் இரைச்சல் அடங்கியது. ஏழின் அடி வால்வு இன்னும் திறக்கப்படவில்லை. இருவரும் சேர்ந்து மூடியைத் தூக்கினார்கள். முதலில் ஸ்பானர் வெளியே வந்தது, அப்புறம் ஒரு கை, அப்புறம் வியர்வையில் குளித்த இசக்கியப்பன்.

மேல்தளத்தில் மல்லாந்து படுத்து, வில்லையைக் கழற்றி எறிந்துவிட்டு, தன் இரண்டு கைகளையும் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். விரல்களை மடக்கினார், நீட்டினார்.

"இருக்கு" என்றார்.

"என்னவே இருக்கு?" என்றார் அண்ணாச்சி, மூச்சு வாங்க.

"கை. காலையில இருந்து என் கையி எனக்கே தெரியல. காலுந் தெரியல. மொதல்ல எல்லாமே போச்சு. செவுரு இல்ல, தரை இல்ல, ஒத்த வால்வு மட்டும் ஆகாசத்துல தொங்குது. வில்லை கெட்டுப்போச்சுன்னு உக்காந்துட்டேன். அப்புறம் செவுரு வந்துச்சு, ஏணி வந்துச்சு. நான் வரல."

லிடுவினா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை.

"எஞ்சினியரம்மா, நீங்க வந்து குனிஞ்சு பாத்தியள்ளா. நேருக்கு நேர். நான் கையாட்டிச் சிரிச்சேன். ஏ, படகு போயிரும், ஏணியில வந்துக்கிட்டு இருக்கேன்னு கத்தினேன். நீங்க என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு மூடிட்டிய." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "செத்துத்தான் போயிட்டேன்னு நெனைச்சேன். செத்தா இப்பிடித்தான் இருக்கும் போலன்னு."

"நான்தான் மறைச்சேன்ணே. ஒங்கள மறைக்கணும்னு மறைக்கல. வால்வ மட்டும் பாக்கணும்னு மத்ததெல்லாம் மறைச்சேன். திருப்பிக் கொண்டுவாரப்ப ஒங்கள விட்டுட்டேன்."

"ஏணிய ஞாவகம் வச்சிய, என்னைய விட்டுட்டியளா?"

"ஆமா."

அவர் அண்ணாச்சியின் பக்கம் திரும்பினார். "நல்லவேளை அண்ணாச்சி, நான் வெயிட்டான ஆளு. எம் பொண்டாட்டி பேச்சக் கேட்டு மெலிஞ்சிருந்தா இன்னைக்கு மெதந்திருப்பேன்."

அண்ணாச்சி சிரித்தார். சிரித்துக்கொண்டே தோள்துண்டால் கண்ணைத் துடைத்தார். லிடுவினாவுக்கு அழுகை அப்போதுதான் வந்தது. அவளை அழவிட்டு, இசக்கியப்பன் அண்ணாச்சியின் போனில் தன் மனைவியை அழைத்தார். "ஏட்டி, காது குத்தியாச்சா? சரி, சரி. மாமன் இல்லாட்டாத்தான் நடக்காது, அப்பனுக்கு என்ன சோலி அங்க? புள்ள அழுதாளா? போனக் குடு அவகிட்ட."

ஏழாம் தொட்டியை நிரப்பினார்கள். காற்று வந்தது, இரவெல்லாம் அடித்தது. மேடை தாழ்ந்து நின்று தாங்கியது. விடிந்து, காற்று ஓய்ந்து, தண்ணீரை வெளியேற்றிய பிறகு லிடுவினா அண்ணாச்சியின் முன்னால் உட்கார்ந்தாள்.

"வகைப் பட்டியல்ல இருந்து மனிதர எடுத்துரப் போறேன் அண்ணாச்சி. பட்டியல்ல இருந்தாத்தான் மறைக்க முடியும். தற்காலிகமாவும் முடியாது, நிலையாவும் முடியாது."

"அப்ப அந்த இசக்கி நின்னு வாயடிச்சா நான் என்ன செய்ய?"

"தள்ளிப் போன்னு வாயால சொல்லணும்."

"சொன்னாப் போவானா அவன்?"

"போவ மாட்டாவ. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கணும்."

அண்ணாச்சி தாடையைத் தடவினார். மேடையில் இத்தனை ஆண்டுகளாக அனுபவித்த அமைதியை நினைத்துக்கொண்டிருப்பார். பிறகு தன் ஒப்புதலைப் பதிவு செய்தார்.

மாற்றத்தைச் சோதிக்க ஒருவர் தொட்டிக்குள் இறங்கவேண்டும். லிடுவினா தானே போகிறேன் என்றாள். இசக்கியப்பன் விடவில்லை. "நீங்க உள்ள போயிட்டா பொத்தான யாரு அமுக்குவா?" என்று சொல்லிவிட்டு, கண்வில்லையை மாட்டிக்கொண்டு ஏணியில் இறங்கினார். மூடி திறந்தே இருந்தது. அண்ணாச்சி அதன் மேல் கையை வைத்துக்கொண்டு காவல் நின்றார்.

லிடுவினா ஏழாம் தொட்டியின் அடி வால்வைத் தேர்ந்தெடுத்தாள். தனித்துக் காட்டினாள். நிலையாக்கினாள். சுவர் போயிற்று. ஏணி போயிற்று. தரையும் குழாய்களும் போயின. ஒன்றுமில்லாத வெளியில் ஒரு வால்வு தொங்கியது. அதன் பக்கத்தில், இடுப்பில் கை வைத்து, தலை முதல் கால் வரை முழுசாக இசக்கியப்பன் நின்றார்.

"எஞ்சினியரம்மா, தெரியுதேனா?"

"தெரியுதியண்ணே."

"குரலு?"

"கேக்குது."

அவர் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். லிடுவினா மாற்றத்தை மேடையின் எல்லாக் காட்சிகளுக்கும் அனுப்பினாள். கூடவே, எல்லாரும் படிக்கும்படி அதன் விளக்கத்தையும் எழுதி வைத்தாள்: எந்தக் காட்சியிலும், எதை மறைத்தாலும், எதைத் தனித்துக் காட்டினாலும், மனிதர் மறைய மாட்டார்கள்.