பெயர் தைத்த துணி

பேருந்து நிலையத்தில் பதினோரு பேர் இறங்கினோம். எங்களைக் கூட்டிப்போக வந்த குடும்பங்கள் வரிசையாக நின்றிருந்தன. ஒவ்வொருவர் கையிலும் ஓர் அட்டை, அட்டையில் ஒரு பெயர். மூன்று மாதம் வெளிநாட்டில் படிப்பு, தங்குவது அந்த ஊர்க்காரர்கள் வீட்டில். அவர்களுக்கு எங்கள் முகம் தெரியாது, பெயர் மட்டும்தான் தெரியும். கல்லூரி ஆளுக்கொரு புகைப்படம் அனுப்பி வைத்திருந்தால் இதில் எதுவுமே நடந்திருக்காது.

என் பக்கத்தில் தும்மல் நின்றிருந்தாள். முதலாண்டிலிருந்தே அவளுக்கு அதுதான் பெயர். தூசி பட்டால் தும்முவாள், பூனை முடி பட்டால் மூச்சே நின்றுவிடும். அவளுக்கு வந்த கடிதத்தில், "எங்கள் வீட்டில் நான்கு செல்லப் பூனைகள்" என்று எழுதியிருந்தது. எனக்குக் கிடைத்ததோ பிள்ளைகள் இல்லாத ஒரு தம்பதியின் வீடு. கீழே லாண்டரி, மாடியில் குடித்தனம், பெயருக்கு ஒரு குருவிகூடக் கிடையாது.

"மாத்திக்கலாமாடி?" என்று கேட்டது நான்தான். அவள் மேல் இரக்கப்பட்டுக் கேட்டேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் பூனை வீடு கல்லூரிக்கு ஐந்து நிமிட நடை என்பதும் எனக்குத் தெரியும்.

அவள் என் பெயர் எழுதிய அட்டையின் முன்னால் போய் நின்றாள். நான் அவள் பெயருக்கு முன்னால் நின்றேன். போகும்போது திரும்பிப் பார்த்துக் கண்ணடித்தாள். "மூணு மாசம்தானே. உன் பேரைக் கெடுக்காம பத்திரமா திருப்பித் தந்துடறேன்" என்றாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கப் போனேன். கதவைத் திறந்ததும் சோப்பும் நீராவியும் சூடான பருத்தித் துணியும் கலந்த வாசம் முகத்தில் அடித்தது. கூடத்தின் நடுவே ஒரு பெரிய மெஷின். ஹோட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிற மெஷின் அது. ஆள் நீளத்துக்கு இரண்டு உருளைகள், உள்ளே கொதிக்கும் நீராவி. ஈரத் துணியை இந்தப் பக்கம் கொடுத்தால் அந்தப் பக்கம் அப்பளமாக வந்து விழும். உருளைக்கு முன்னால் குறுக்காக ஒரு தடுப்புக் கம்பி இருந்தது. அதில் கை பட்டால் மெஷின் தானாக நிற்க வேண்டுமாம். அந்தக் கம்பி அசையாதபடி முறுக்குக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

ஜன்னலோரம் வீட்டுக்கார ஆன்ட்டி உட்கார்ந்து சிவப்பு நூலால் துணிகளில் சின்னச் சின்னப் பட்டைகளைத் தைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பட்டையிலும் அழியாத மையில் ஒரு பெயர். தும்மலின் சட்டை, பாவாடை, காலுறை எதையும் விடவில்லை, எல்லாவற்றிலும் என் பெயர். பார்க்கவே எனக்குச் சிரிப்பு வந்தது.

"இந்தக் கடைக்கு ஒரே ஒரு சட்டம்" என்றார் அங்கிள். அகலமான மனிதர், சிரித்தாலும் கண் சிரிக்காது. "பேர் இல்லாத துணி வாசலைத் தாண்டாது. பேர் இருந்தா, அந்தப் பேருக்காரங்ககூடத்தான் போகும். இத்தனை வருஷத்துல ஒரு கைக்குட்டை மாறினதில்ல."

அலமாரியின் மேல் தட்டில், மூலையில், ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டர் மடித்து வைக்கப்பட்டிருந்தது. கழுத்துப் பட்டியில் நூலை வெட்டியெடுத்த தடம் மட்டும் இருந்தது, பட்டை இல்லை. "இது யாரோடது?" என்று எடுக்கப் போனேன். துணி அப்போதுதான் உருளையிலிருந்து வந்ததைப் போலச் சுட்டது.

அங்கிள் அலமாரிக் கதவை அறைந்து சாத்தினார். என் விரல்கள் உள்ளே இருந்தன.

நான் அலறிய பிறகும் அவர் கதவிலிருந்து கையை உடனே எடுக்கவில்லை. "தெரியாம பட்டுடுச்சு" என்றார், என் கறுத்துப்போன நகத்தைப் பார்த்தபடி. ஆன்ட்டி தலையை நிமிர்த்தவேயில்லை.

அதற்கப்புறம் தும்மலின் பேச்சு குறைந்தது. வந்த புதிதில் சும்மா உட்காரக் கூச்சப்பட்டு விரிப்பு மடிக்க உதவினாளாம். இரண்டே வாரத்தில் அது அவள் வேலையாகிவிட்டது. கல்லூரி விட்டதும் நேராக மெஷினுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். ஐந்தாவது வாரம் கல்லூரிக் கழிவறையில் சட்டைக் கையை மடக்கிக் காட்டினாள். மணிக்கட்டைச் சுற்றி ஐந்து விரல் தடம், தோல் வெந்து உரிந்திருந்தது.

"அங்கிளா?"

"கன்னத்துல இருக்கறது அவர் போட்டது. இது அவர் இல்ல." குரலைத் தாழ்த்தினாள். "தினமும் காலைல என் துணில இருக்கற பேரெல்லாம் பிரிஞ்சு கிடக்குடி. நான்தான் பிரிக்கறேன்னு அடிக்கறாரு. ஆன்ட்டி மறுபடி தைக்கறாங்க. அந்த மெஷின்கிட்ட எப்பவும் யாரோ நிக்கறாங்க. ஈரத் துணியோட இன்னொரு முனையைப் பிடிச்சுத் தர்றாங்க. கை மட்டும்தான் தெரியும். தொட்டா கொதிக்குது."

எங்களைக் கூட்டிவந்திருந்த மேடத்திடம் சொல்லிவிடலாம் என்றாள் அவள். வேண்டாம் என்றேன் நான். சொன்னால் பெயர் மாற்றியது வெளியே வரும், இரண்டு பேரையும் பெட்டியைக் கட்டி அனுப்பிவிடுவார்கள். "இன்னும் ஏழு வாரம்தானே, பல்லைக் கடிச்சுக்கோ" என்றேன். இதை எழுதும்போது என் மேலேயே எனக்குக் காறித் துப்ப வேண்டும்போல் இருக்கிறது.

மறுவாரம் வகுப்பில் அவள் எனக்கு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைக் காலரில் ரத்தம் கசிந்து பரவிக்கொண்டிருந்தது.

கழிவறைக்கு இழுத்துப் போய்ப் பின்னலை ஒதுக்கிப் பார்த்தேன்.

பிடரியில் ஒரு பட்டை இருந்தது. சட்டையில் இல்லை, தோலில். சிவப்பு நூலால் நெருக்கமாக, பொறுமையாக, நான்கு பக்கமும் தைத்திருந்தது.

அதில் என் பெயர்.

"ஆன்ட்டி தையல் வலப்பக்கம் சாயும்" என்றாள் தும்மல், பல் கிட்டிய குரலில். "இது எந்தப் பக்கம் சாயுது?"

இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

நகவெட்டியோடு வரும் சின்னக் கத்தரியால் ஒவ்வொரு தையலாக வெட்டினேன். வெட்ட வெட்ட ரத்தம் என் முழங்கை வரை வழிந்தது. அவள் தொட்டிக் குழாயைப் பிடித்துக்கொண்டு சத்தம் போடாமல் நடுங்கினாள். கடைசித் தையலை வெட்டியதும், விரலில் பிடித்திருந்த நூல் என் பிடியிலிருந்து நழுவிச் சதைக்குள் போய்விட்டது.

அன்று மதியமே அவள் பெட்டியை எடுத்துவர இரண்டு பேரும் போனோம். பட்டப்பகல், வெளியே வெயில். ஷட்டர் பாதி இறக்கியிருந்தது. மெஷின் ஓடவில்லை. மாடியிலிருந்து பெட்டியோடு இறங்கும்போது அங்கிள் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"பெட்டியைத் திற" என்றார்.

திறந்தாள். ஒரு துணியில்கூடப் பெயர் இல்லை. பிரிந்த சிவப்பு நூல்தான் கொத்துக் கொத்தாகக் கிடந்தது.

"பேர் இல்லாம எதுவும் வெளிய போகாதுன்னு சொன்னேனா இல்லையா?" அவள் பின்னலைக் கையில் சுற்றி ஓர் இழுப்பு இழுத்தார். தும்மல் தரையில் முகம் மோத விழுந்தாள். பல் உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. நான் அவர் முதுகில் பாய்ந்தேன். முழங்கையால் ஓர் இடி இடித்தார், இரண்டு துவைப்பு மெஷின்களுக்கு நடுவே போய் விழுந்தேன். மூச்சு வரவில்லை.

அப்போது உருளை சுற்ற ஆரம்பித்தது.

யாரும் சுவிட்சைத் தொடவில்லை.

சூடு பரவியது. துணி கருகும் வாசம். அதற்கு அடியில் வேறொன்றும் கருகியது, அது துணி இல்லை.

"வந்துட்டா" என்றார் ஆன்ட்டி. ஜன்னலோரத்தில் ஊசியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"வாயை மூடு!"

"நாலு வருஷமா மூடித்தான் இருக்கேன்." அவர் என்னைப் பார்த்துப் பேசினார். "உங்களை மாதிரிதான் படிக்க வந்தா. இடதுகைக்காரி. தையல் எல்லாம் அவளே போடுவா. ஒருநாள் கை உள்ள போயிடுச்சு. கம்பியைக் கட்டி வெச்சிருந்தாரே, மெஷின் நிக்கல. நிறுத்துங்கன்னு கத்தினேன். விரிப்பு வீணாப்போயிடும்னு இவர் ரெண்டு நிமிஷம் யோசிச்சாரு." ஊசி கீழே விழுந்தது. "ஓடிப்போயிட்டான்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டோம். அவ துணில இருந்த பேரை எல்லாம் பிரிச்சு எரிச்சது நான்தான். பேர் இல்லாம அவ எப்படி இந்த வாசலைத் தாண்டுவா?"

அங்கிள் பின்னலை விட்டுவிட்டு ஆன்ட்டியை அடிக்கக் கை ஓங்கினார்.

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது.

மணிக்கட்டில் ஐந்து குழிகள் விழுந்தன. தோல் பொங்கிப் புகைந்தது. அவர் பெரிய உடம்பு குதிகால் தரையில் தேய மெஷினை நோக்கி இழுபட்டது. முதலில் விரல்கள் உள்ளே போயின. பிறகு மணிக்கட்டு. எலும்பு நொறுங்குவது கரும்பு பிழிகிற மாதிரி கேட்டது. இன்னொரு கையால் தடுப்புக் கம்பியை அடி அடியென்று அடித்தார். அவர் கட்டிய கட்டு, கொஞ்சமும் அசையவில்லை. நான் தவழ்ந்து போய் சுவிட்சைக் கீழே தள்ளினேன். உருளை நிற்கவில்லை. தோள் வரை போனபோது அவர் அலறல் நின்றது.

அந்தப் பக்கம் வெளியே வந்து விழுந்ததை நான் பார்க்கவில்லை. தும்மலைத்தான் பார்த்தேன்.

அவள் தரையில் மல்லாந்து கிடந்தபடி நகர்ந்துகொண்டிருந்தாள். பிடரியிலிருந்து ஒரு சிவப்பு நூல் புறப்பட்டு விறைப்பாக உருளைக்குள் போயிருந்தது. உருளை ஒரு சுற்றுச் சுற்றினால் அவள் ஒரு சாண் நகர்ந்தாள். நூலைப் பிடித்து இழுத்தேன், உள்ளங்கை பிளந்தது. அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு பின்னால் சாய்ந்தேன், இரண்டு பேருமாகச் சேர்ந்து இழுபட்டோம். அவள் கை உருளையில் பட்டது. அவள் அலறினாள்.

பெயர் இல்லாத துணி வாசலைத் தாண்டாது. செத்துப்போன அந்தப் பெண்ணுக்கு வேண்டியது உயிர் இல்லை. ஒரு பெயர். தும்மலின் கழுத்தில் தைத்திருந்த என் பெயரின் மிச்ச நூலைத்தான் அவள் பிடித்து இழுத்தாள்.

"அது அவ பேரு இல்ல!" என்று கத்தினேன். "நாங்க மாத்திக்கிட்டோம்! அந்தப் பேரு என்னோடது. நான்தான் இங்க வந்திருக்கணும். அவளை விட்டுடு. பேரை வேணும்னா எடுத்துக்கோ!"

உருளை நின்றது.

நூல் தளர்ந்து தரையில் விழுந்தது. கூடத்தில் நீராவி சீறும் சத்தம் மட்டும் மிச்சம். பிறகு ஈரத் தரையில் ஒரு காலடி கேட்டது. இன்னொன்று. அவை தும்மலைத் தாண்டி, என் பின்னால் வந்து நின்றன. என் பிடரி முடியை யாரோ மெதுவாக ஒதுக்கினார்கள். சூடான விரல்.

சுருக்கென்று ஊசி ஏறியது.

ஒரே ஒரு தையல்தான். அதற்குமேல் எனக்கு நினைவில்லை.

ஆன்ட்டி காவலர்களை அழைத்து, எல்லாவற்றையும் அவரே சொன்னார். கொதிகலன் அறையின் தரையை உடைத்து எலும்புகளை எடுத்தார்கள். அந்தப் பெண்ணின் உண்மையான பெயர் செய்தித்தாளில் வந்தது. ஆனால் அது நான்கு நாள் தாமதம், அதற்குள் அவள் வேறு பெயரில் வாசலைத் தாண்டிவிட்டாள்.

தும்மல் பிழைத்துக்கொண்டாள். வலது கையில் இரண்டு விரல் வளையாது, முன்பல் கட்டியிருக்கிறாள். வாரம் ஒருமுறை போனில் பேசுவாள், இன்னும் என்னைத் திட்டவில்லை. திட்டிவிட்டால் தேவலை. என் பிடரியில் ஒரு தையலும் இல்லை என்று இரண்டு மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். நானும் நம்பத்தான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்த மறுவாரமே அம்மா ஆரம்பித்தாள். "ஒரு தடவை கூப்பிட்டா எதுக்குடி ரெண்டு தடவை 'வரேன்'ங்கற? எனக்கென்ன காது செவிடா?" நான் ஒரு தடவைதான் சொல்லியிருந்தேன்.

இன்று காலை குளித்துக்கொண்டிருந்தேன். அம்மா அடுக்களையிலிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நான் குழாயை மூடிவிட்டு, வாயைக் கையால் பொத்திக்கொண்டு, கதவில் காதை வைத்தேன்.

"வரேம்மா" என்றது என் குரல், என் அறையிலிருந்து.

காலடிகள் கூடத்தைக் கடந்து போயின. தட்டு வைக்கும் சத்தம். அம்மா ஏதோ சொல்லிச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"என்னடி, கை இப்படிக் கொதிக்குது?"