ஹேசல்போரோவுக்குள் விட்ட வெயில்

காலையில் மதனவல்லி வழக்கம்போல் வானத்தைத் திறந்துவைத்தாள். முதலில் கிழக்கே கொஞ்சம் ரோஜா நிறம். பிறகு ஆற்றின் மேல் முழங்கால் உயரத்துக்குப் பனிமூட்டம். அப்புறம் மக்னோலியாச் சாலைக்கு மட்டும் ஒரு இளங்காற்று. மக்னோலியாப் பூக்களின் மணம் விடுதி ஜன்னல்கள்வரை போய்ச் சேர்ந்ததா என்று திரையில் பார்த்துவிட்டுக் காப்பி போட எழுந்தாள்.

அமெரிக்காவின் தெற்கே, ஜார்ஜியாவில் இருந்த ஹேசல்போரோ என்ற அந்தச் சிற்றூரில் பொழுது விடிவது அப்படித்தான். ஊரின் மேல் ஒரு வான்கூடாரம் கவிழ்ந்திருந்தது. அதற்கு வெளியே நிஜ ஜார்ஜியா வெந்துகொண்டிருந்தது. உள்ளே என்றைக்கும் வசந்தம். நிலவுக் குடியிருப்புகளிலிருந்தும் சுற்றுப்பாதை நகரங்களிலிருந்தும் ஜனங்கள் பூமியின் தட்பவெப்பத்தை அனுபவிக்க வருவார்கள். படகில் போவார்கள், பீச் பழ ஐஸ்கிரீம் சாப்பிடுவார்கள், இயந்திர முதலை வாயைத் திறந்தால் கைதட்டுவார்கள். பொழுது சாய்ந்ததும் இயந்திர மின்மினிகளைப் பார்த்துவிட்டு, பக்கத்து மேஜைக்காரரின் முகத்தைக்கூடப் பார்க்காமல் அறைக்குப் போய்விடுவார்கள்.

எல்லாம் மேயர் கிரேடியின் ஏற்பாடு. அந்தப் பெயரைக் கேட்டாலே மதனவல்லிக்கு ஆகாது. அவள் கணவன் திருமேனி, ஊரோரத்தில் மிச்சமிருந்த நிஜச் சதுப்பு நிலத்தைக் காத்துவந்தவன். தண்ணீருக்குள்ளேயே நிற்கும் சைப்ரஸ் மரங்கள், நாரைகள், உயிருள்ள மின்மினிகள். கொசு வருகிறது, விருந்தாளிகள் முகம் சுளிக்கிறார்கள் என்று கிரேடி அதைத் தூர்த்து வாகனத் தளமாக்கினார். திருமேனி தினமும் அந்தத் தளத்தின் ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டிருந்தான். அந்த வருஷமே போய்ச் சேர்ந்தான். மேயர் மலர்வளையம் அனுப்பினார். அதிலும் பிளாஸ்டிக் பூ.

அன்றிலிருந்து மதனவல்லி அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. உத்தரவு திரையில் வரும், செய்து முடிப்பாள். நேரில் வந்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். பிறகு இந்த வேலை உனக்கு எதற்கு என்று சிலர் கேட்டார்கள். பகையாளி ஊரின் வானமே கையில் இருக்கும்போது, அதை யாராவது கீழே வைப்பார்களா?

பீச் பழத் திருவிழா வந்தது. ஊர் நிரம்பி வழிந்தது. மறுவாரம் மேயர் தேர்தல்.

“அண்ணி, இன்னா பண்றே?” கட்டுப்பாட்டு அறைக்குள் நுழைந்த அஞ்சுகம் பதறினாள். அவள் திருமேனியின் தங்கை, விடுதியில் வரவேற்பு வேலை.

“கூடாரத்தோட காத்துவாயைத் தொறக்கிறேன். வெளியில கீற வெயிலும் புழுக்கமும் உள்ள வரட்டும். கொசுவும் உண்டு. உயிர்வங்கியில உங்கண்ணன் வச்சுட்டுப் போன முட்டைங்க. போன வாரமே பொரிச்சாச்சு.”

“ஐயையோ, ஜனங்க செத்துடுவாங்க!”

“சாக மாட்டாங்கடி. வேர்க்கும், கடிக்கும், அவ்ளோதான். நம்ம வேலூர்ல இதைவிட வெயில்ல பந்தல் போட்டுக் கல்யாணம் பண்ணாங்க. இதுங்க தாங்காது, ஓடிப்பூடும். அந்தாளு காலி வாகனத் தளத்தைப் பார்த்துக்கினு தனியா உக்காரட்டும். உங்கண்ணன் உக்காந்தாரே, அந்த மாதிரி.”

அஞ்சுகம் அதற்குமேல் தடுக்கவில்லை. போனவன் அவளுக்கும் அண்ணன்தானே.

வெயில் உள்ளே வந்தது. சும்மா வரவில்லை, ஈரத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. ஐஸ்கிரீம் முழங்கைவரை வழிந்தது. திறந்த வாயை இயந்திர முதலையால் மூட முடியவில்லை. கொசுக்கள் பாடிக்கொண்டே இறங்கின. வேர்வை என்றால் என்னவென்றே அறியாத ஜனங்கள் தங்கள் சட்டையைத் தாங்களே தொட்டுப் பார்த்துத் திகைத்தார்கள். மதனவல்லி திரையில் கண்ணை வைத்துக் காத்திருந்தாள்.

நிலவிலிருந்து வந்த ஒரு பெரியவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பெண்ணிடம் திரும்பினார்.

“என்ன வெயில்!”

“வெயிலா இது? அடுப்பு!”

“இதைப் பாருங்க, கடிச்சு வச்சிருக்கிறதை!” என்று மூன்றாவது ஆள் கையை நீட்டினார். நாலாவது ஆள் அதைவிடப் பெரிய தடிப்பைக் காட்டி அவரைத் தோற்கடித்தார். கொஞ்ச நேரத்தில் சதுக்கம் முழுக்க ஒரே பேச்சு. ஒருவருக்கொருவர் விசிறிவிட்டார்கள். ஓட வேண்டியவர்கள் நாற்காலிகளை நெருக்கிப் போட்டுக்கொண்டார்கள்.

அஞ்சுகம் மூச்சிரைக்க வந்தாள். “அண்ணி, ஒருத்தரும் அறையைக் காலி பண்லே. இன்னும் ஒரு வாரம் வேணும்ன்றாங்க. யப்பா, இன்னா புழுக்கம்!”

“மேயரைத் திட்றாங்களா இல்லியா?”

“திட்றாங்க. கையைப் புடிச்சுக்கினு, சிரிச்சுக்கினே திட்றாங்க. இந்த மாதிரி ஊரே பாத்ததில்லியாம். ஓட்டு அவருக்குத்தானாம்.”

மதனவல்லி பல்லைக் கடித்தாள். காற்றுவாய்களை முழுசாகத் திறந்துவிட்டாள். இன்னும் வேகட்டும்! அவள் இருந்த அறையும் அதே கூடாரத்துக்குள்தான் இருக்கிறது என்பது கோபத்தில் அவள் நினைவுக்கு வரவில்லை. முதுகில் வேர்வை ஓடியது. சேலை ஒட்டிக்கொண்டது.

படியில் காலடிச் சத்தம். கோட்டைக் கழற்றித் தோளில் போட்டபடி, சட்டை தெப்பலாக நனைந்து, கிரேடி வந்து நின்றார். மதனவல்லி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். சுவரும் தகித்தது. மேயர் பாராட்டவில்லை, அதட்டவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஏதோ முனகினார். காதில் பதித்திருந்த மொழிச்சில்லு அதை அவளுக்கு வேலூர்த் தமிழில் சொன்னது.

“யம்மா... இன்னா வெயிலு இது!”

உதட்டை இறுக்கித்தான் வைத்திருந்தாள். வாய் அவளைக் கேட்காமலே திறந்துகொண்டது.

“ஆமாங்க,” என்றாள் மதனவல்லி, முந்தானையால் விசிறிக்கொண்டே. “உசுரே போவுது. சாயங்காலமா ஒரு மழை பேஞ்சா தேவலை.”

“எங்கே பெய்யப்போவுது!” என்று அலுத்துக்கொண்டார் மேயர்.

மழைக்கான விசை அவளுடைய முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. இரண்டு பேரும் ஜன்னல் வழியாக வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.