இளைய அரசியின் முதல் ஆணை

விண்படகு வந்து சேர்ந்தால் துறையில் பச்சை விளக்கு எரியும், மணி ஒலிக்கும். யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். அன்று காலை விளக்கும் எரியவில்லை, மணியும் ஒலிக்கவில்லை. தடித்த இரும்புக் கதவுக்கு அப்பால் யாரோ உள்ளங்கையால் பொறுமையாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

அப்பா இறந்து, பதினொரு கோள்களின் பாரமும் தன் தலையில் விழுந்த பிறகு இளைய அரசி எடுக்க வேண்டியிருந்த முதல் முடிவு இது: கதவைத் திறப்பதா, வேண்டாமா? அதுவரை ஆட்சியைப் பார்த்துக்கொண்ட அத்தை வேண்டுமென்றே ஓரடி பின்னால் நின்றாள். விண்ணில் மிதக்கும் அந்த அரண்மனையின் துறைக்கூடத்தில், இயந்திரங்களின் முனகலுக்கும் எண்ணெய் நெடிக்கும் நடுவே, சில நாட்களாகவே எங்கும் சுற்றிவரும் அந்த அழுகிய இனிப்பு வாடை அரசியின் தொண்டையில் ஒட்டியது.

"யாரோட படகு?"

துறைப் பொறியாளர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கடைசிக் கோள்லேர்ந்து வந்திருக்கு, அரசியம்மா. உள்ள காத்தே இல்லைன்னு காட்டுது. காத்தில்லாம யாரு உயிரோட இருப்பா?"

ஒலிபெருக்கி கரகரத்தது. மூச்சிரைக்கும் ஒரு பெண்குரல்.

"அம்மா, கதவைத் திறங்க. உங்களைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கோம்."

காப்பாற்றச் சொல்லவில்லை. கூட்டிப் போகிறார்களாம்.

"எதுக்கு?"

"அரண்மனைல நோய் பரவுதுன்னு சேதி வந்துச்சு. அப்புறம் யாருமே பேசலை. உங்க குரல் மட்டும்தாம்மா கேட்டுக்கிட்டே இருந்துச்சு."

"செத்தவங்க இப்படித்தான் நைசாப் பேசுவாங்க, கண்ணு," என்றாள் அத்தை மெதுவாக. "ஆனா முடிவு உன்னோடது."

காவலர்கள் அவளையே பார்த்தார்கள். தயங்கினால் பச்சைப் பிள்ளை என்று நினைப்பார்கள். தட்டல் வேகமெடுத்தது. இப்போது பல கைகள்.

"அம்மா! உங்க பக்கத்துல நிக்கிறவங்களை நம்பாதீங்க!"

"படகை அவிழ்த்து விடுங்க," என்றாள் அரசி.

கொக்கிகள் விலகின. ஒரு குலுக்கல். தட்டல் நின்றது.

"அப்படியே உங்க அப்பாதான்!" என்று அத்தை பூரித்துப் போனாள்.

எல்லோரும் சாளரத்தருகே கூடினார்கள். படகு விலகிப் போய்க்கொண்டிருந்தது. அதன் ஜன்னலில் வெண்புகை போல் ஏதோ படிந்திருந்தது. உள்ளிருந்து ஒரு கை அதைத் துடைத்தது. ஒரு பெண் முகம். அழுதுகொண்டிருந்தது. மறுகணம் கண்ணாடி மீண்டும் வெளுத்தது.

மூச்சு. அவர்களுடைய மூச்சு.

அரசி முன்னால் சாய்ந்தாள். குளிர்ந்த சாளரத்தில் அவளுடைய மூச்சும் வெள்ளையாகப் படிந்தது. அவளுடையது மட்டும்.

இடப்பக்கம் அத்தை, மூக்கு கண்ணாடியில் படும்படி நின்றாள். வலப்பக்கம் பொறியாளர். அவருக்கு அப்பால் காவலர் வரிசை. அவர்கள் முன்னால் கண்ணாடி வெளுக்காமல் பளிங்காக இருந்தது.

அடுத்த உத்தரவுக்காக, அத்தனை முகங்களும் மெல்ல அவள் பக்கம் திரும்பின.