ஈரம் காயாத படம்

படத்திற்குக் கீழே தரை மறுபடியும் நனைந்திருந்தது. அனிஷ் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். உப்பு.

பாதிரியார் வந்து புது வீட்டை மந்திரித்த அன்று தங்கை விக்டோரியா தானே வரைந்து கொண்டுவந்து மாட்டிய படம். உருவம் என்று எதுவும் பிடிபடாது. பாசியின் பச்சை பவளக் கிளைக்குள் புகுந்து, கிளை மீனின் செவுளாக விரிந்து, செவுள் மறுபடி இலையாகி இருட்டில் முடியும். மாலையில் துறைமுகத்துப் பக்கமிருந்து காற்று வந்து சன்னல் திரையை அசைக்கும்போது அந்தப் பச்சையும் சேர்ந்து சாய்வதாகவும், எங்கோ அடியில் யாரோ மூச்சுவிடும் குமிழிச் சத்தம் கேட்பதாகவும், முங்குகிறவனுக்குப் படகிலிருந்து காற்றடிக்கும் கம்ப்ரசரின் டீசல் வாடை வருவதாகவும் அவனுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

“என்னளா, கோழி கிளறுன மாரி வரஞ்சிருக்க?” என்று அன்று கேலி செய்தான்.

“நீ பாக்காத கடலாண்ணே?”

முத்துக் குளித்த நாளிலிருந்து இந்தக் கரையில் ஒரு வழக்கம். கடலுக்குள் இறங்குகிறவனின் கயிற்றை மச்சான்தான் பிடிப்பான். கூடப்பிறந்தவளைத் தாலியறுக்க விடமாட்டான் என்ற நம்பிக்கை. இப்போது கயிற்றோடு காற்றுக் குழாயும் உண்டு. விக்டோரியாவின் கணவன் மரியான், பிடிக்கக் கூடாத கடல் அட்டைக்காக இறங்கியபோது இரண்டையும் பிடித்திருந்தவன் அனிஷ். தூரத்தில் ரோந்துப் படகு தெரிந்தது. மரியான் மேலே வரும்வரை அவன் காத்திருக்கவில்லை. இரண்டையும் அறுத்துவிட்டுப் படகை விரட்டினான். பாறையில் சிக்கி அறுந்துவிட்டது என்று ஊருக்குச் சொன்னான். உடல் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் இந்த வீடும் இந்தப் படமும்.

இன்று பொழுது சாயும் நேரத்தில் விக்டோரியா வந்தாள். வந்து உட்கார்ந்ததும் கரண்ட் போனது.

“படம் காஞ்சிட்டாண்ணே?”

“எங்க காயுது? தண்ணியா ஒழுகுது. எடுத்துட்டுப் போயிரு.”

“போட்டுல கெடந்த காத்து ஓஸப் பாத்தேன். சிக்கி அறுந்தா முனை பிசிறா இருக்கும்லா. இது கத்தி வச்ச மாரி இருக்கு.”

பதில் சொல்ல வாயைத் திறந்தான். தொண்டைக்குள் தண்ணீர்.

குமிழிச் சத்தம் நெருங்கியது. கணுக்காலில் வழவழப்பாக ஏதோ சுற்றியது. இழுத்தது. சுவரைப் பிடிக்கக் கை நீட்டினான். சுவர் இல்லை. பச்சை. குளிர். அழுத்தம் காதைத் துளைத்தது.

பச்சைக்கு அப்பால் தன் கூடம் மங்கலாகத் தெரிந்தது. சோபா. அதில் விக்டோரியா. அவன் இடுப்பில் எப்படியோ ஒரு கயிறு கட்டியிருந்தது; அது படத்திலிருந்து வெளியேறி அவள் கைவரை போயிருந்தது. இழுத்தான். தூக்கச் சொல்லும் இழுப்பு. மறுபடியும். மறுபடியும்.

அவள் அவனையே பார்த்துக்கொண்டு, கயிற்றை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

பின்னாலிருந்து ஒரு கை அவன் தோளைத் திருப்பியது. மரியான். இமைகளை மீன் தின்றிருந்தது. மாதக்கணக்காகக் காற்றுக்கு ஏங்கிய முகம். நிதானமாக நெருங்கி, மச்சானின் வாயில் தன் வாயைப் பொருத்தி, உறிஞ்சத் தொடங்கினான்.