மூன்றாம் நிறம்

அந்தத் திங்கட்கிழமை காலையில் வீட்டில் நான்கு பேர் இருந்தார்கள். கதிர்வாணன் உணவு மேசையின் தலைப்பக்கத்தில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலப்பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி நறுமுகை. எதிரே, சுருட்டி எடுத்து வந்திருந்த திரையை மேசைமேல் விரித்துக்கொண்டு, விற்பனைப் படத்துக்கு வீடுகளைத் தயார்செய்து தரும் நிறுவனத்தின் சஹானா. நான்காவது ஆளான வினோதினி பின்வாசல் படியில், துவைகல்லுக்குப் பக்கத்தில், காப்பித் தம்ளரோடு இருந்தாள்.

திரையிலும் அவர்கள் அப்படியேதான் இருந்தார்கள். வீடு முழுவதும் கறுப்பாகக் கிடக்க, மேசையின் தலைப்பக்கம் மஞ்சளாக ஒளிர்ந்தது; அது கதிர்வாணன். அதை அடுத்த நாற்காலியும் சமையலறையும் ஊதா, அது நறுமுகை. பின்வாசல் படியில் மட்டும் பச்சை நிறத்தில் ஒரு வட்டம், வீட்டிலேயே அதிகப் பிரகாசமாக, தன்னந்தனியாக எரிந்துகொண்டிருந்தது.

“இது சோதனைப் படம்தான் சார். விளம்பரத்துக்குப் போறது இல்ல. பயப்படாதீங்க” என்றாள் சஹானா.

பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்க வாயெடுத்த கதிர்வாணன், பச்சை வட்டத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

இருப்பொளிமானி என்ற அந்தக் கருவியை முதலில் சுவரில் நீர்க்கசிவு கண்டுபிடிப்பதற்காகத்தான் செய்தார்கள். காரையும் கல்லும் மரமும் மனித உடலின் ஆவியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து வைத்துக்கொள்கின்றன என்பதும், ஓர் ஒளிக்கற்றையைப் பாய்ச்சினால் அதை ஆளுக்கொரு நிறமாகத் திருப்பித் தருகின்றன என்பதும் பிறகு தற்செயலாகத் தெரியவந்தது. அதன்பின் இருப்பொளிப் படம் இல்லாத வீட்டு விளம்பரத்தை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. எந்த அறையில் மனிதர்கள் புழங்கினார்கள், எது பூட்டியே கிடந்தது, குடும்பம் ஒன்றாகச் சாப்பிட்டதா, ஆளுக்கொரு மூலையில் தட்டை வைத்துக்கொண்டதா என்பதெல்லாம் படத்தில் இருந்தது. மேசை பளிச்சென்று இருந்தால் நிறைந்த வீடு என்றார்கள். இருண்டு கிடந்தால் விலையே வேறு.

ஆகவே, படம் எடுக்குமுன் பழைய நாள்காட்டிகளைக் கழற்றுவதும், தண்ணீர் டிரம்களை மொட்டைமாடிக்கு ஏற்றுவதும், தட்டில் பழம் அடுக்குவதும் மட்டும் இப்போது போதுவதில்லை. எங்கே யார் உட்கார்ந்தார்கள் என்பதையும் ஒழுங்குசெய்தாக வேண்டும்.

“இந்தப் பச்சை யாரு சார்?”

“வினோதினி. வேலைக்கு வர்றவங்க.”

“ரொம்ப வருஷமா?”

“பதினாலு வருஷம் இருக்கும்” என்றாள் நறுமுகை.

சஹானா திரையை இரண்டு விரலால் பெரிதாக்கினாள். “நின்ன தடம், நடந்த தடம் எல்லா அறையிலயும் மெல்லிசா இருக்கு. உக்காந்த தடம் இங்க ஒண்ணுதான். எங்க தொழில்ல இதைத் தனிப்புள்ளின்னு சொல்வோம். போன மாசம் சாத்தூர்ல ஒரு டாக்டர் வீட்டுப் படம், இதே மாதிரி பின்வாசல்ல ஒரு புள்ளி. வீடு என்னமோ வித்துருச்சு. ஆனா படத்துக்குக் கீழ ஜனங்க எழுதினதைப் படிச்சுட்டு அவர் ஊரை விட்டே போயிட்டார்.”

கதிர்வாணனுக்குக் காது சூடேறியது. கோவில்பட்டியில் சமத்துவ வாசகர் வட்டத்தை இருபத்தைந்து ஆண்டுகளாக நடத்திவருபவர் அவர். மகள் இருக்கும் ஓசூருக்குக் குடிபோக இருவரும் முடிவு செய்தபோது, வீட்டைவிட அந்த வட்டத்தைப் பிரிவதுதான் அவருக்கு வருத்தமாக இருந்தது. விளம்பரப் படத்தை முதலில் பார்க்கப் போவதும் வட்டத்தார்தான். யாரும் வினோதினியைப் படியில் உட்காரச் சொன்னதில்லையே என்று தமக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். உள்ளே உட்காரச் சொன்னதும் இல்லை என்பது அதன் வாலைப் பிடித்துக்கொண்டே வந்தது.

“படியை இடிச்சுட்டுப் புதுசாப் போட்டா?”

“புதுக்கல்லு கறுப்பாத் தெரியும் சார். எதையோ மறைச்சிருக்காங்கன்னு இன்னும் கிண்டுவாங்க. இதுக்கு ஒரே வழிதான். மேல படியுற அடுக்குதான் அதிகமா ஒளிரும். நீங்க ரெண்டு பேரும் ஒரு ஒன்றரை மாசம் தினமும் அந்தப் படியில உக்காரணும். அவங்க உள்ள உக்காரணும். நிறம் கலந்துரும்.”

நறுமுகை குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “மேசையில வேண்டாமே. சோபா போதும்ல?”

“போதும் மேடம்” என்றாள் சஹானா. இந்தக் கேள்வியை அவள் எல்லா வீட்டிலும் கேட்டிருப்பாள் போலும், தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

வினோதினியிடம் சொல்லும் வேலை நறுமுகையின் தலையில் விழுந்தது.

“ஒரு சின்ன உதவி வினோதினி. நாளையிலருந்து வேலை முடிஞ்சதும் ஹால்ல சோபாவுல கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போ. ஏசி போட்டு விடுதேன்.”

வினோதினி தம்ளரைக் கழுவி, ஜன்னல் விளிம்பில் அதற்கென்று இருந்த இடத்தில் கவிழ்த்தாள். “தனிப்புள்ளியாக்கா?”

நறுமுகையின் முகம் செத்துவிட்டது.

“எங்க தெருவுல பாதிப் பேரு இப்ப சோபாவுலதான் இருக்காளுவ. வக்கீல் வீட்டுல எங்க மதினிய ஊஞ்சல்ல உக்கார வச்சிருக்காவ. தலை சுத்துதுன்னு மாத்திரை போட்டுட்டுப் போயி உக்காருதா.” சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். “உக்காருதேன்க்கா. டிவி ரிமோட்ட மட்டும் எங்கையில குடுத்துரணும்.”

மறுநாளிலிருந்து வீடு தலைகீழாயிற்று. வினோதினி சோபாவின் நுனியில் கைகளை மடியில் வைத்தபடி தொடர் பார்த்தாள். கதிர்வாணன் செய்தித்தாளோடு பின்வாசலுக்குப் போனார். படி குறுகல், கால் நீட்ட இடமில்லை, மடக்கினால் முட்டி நெஞ்சில் இடித்தது. சாக்கடை மூடியின் இடுக்கிலிருந்து கொசு வந்தது. அங்கிருந்து பார்த்தால் தெரிவதெல்லாம் பக்கத்து வீட்டுச் சுவர், குளிர்ப்பெட்டியின் முதுகு, உள்ளே நடப்பவர்களின் கால்கள். மாலையில் நறுமுகை காய் நறுக்கிக்கொண்டு தன் முறைக்கு உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டு மாடியில் யாராவது துணி காயப்போட வந்தால் இருவருமே எழுந்து எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார்கள்.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் சஹானா அளவு பார்க்க வந்தாள். கதிர்வாணன் படியில் இருந்தார். உள்ளே மேசையருகே நறுமுகை பேசிக்கொண்டிருந்தாள்.

“அவருக்கு அங்க உக்காரக் கூச்சம்மா. யாராச்சும் பாத்துருவாங்களோன்னு பேப்பர முகத்துக்கு நேராப் பிடிச்சுக்கிட்டு இருக்காரு. ஒரு வரி படிக்கிறதில்ல. மேடையில பேசச் சொன்னா ரெண்டு மணி நேரம் பேசுவாரு.”

இருவரும் மெல்லச் சிரித்தார்கள். மெல்லத்தான். ஆனால் கூடத்திலிருந்து சமையலறை வழியாகப் பின்வாசல்வரை நேராக ஓடும் நடை, அந்தச் சிரிப்பைச் சிந்தாமல் சிதறாமல் கொண்டுவந்து அவர் காதில் ஊற்றியது. தாம் இங்கே இருப்பது தெரிந்தே, இல்லாத ஆளைப்போல் பேசுகிறார்கள் என்று அவருக்குக் கோபம் வந்தது. கோபம் பாதியிலேயே நின்றது.

வினோதினி தரை துடைத்த துணியை உதற வெளியே வந்தாள். அவர் நகர்ந்து வழிவிட்டார்.

“ஏம்மா, இங்க உக்காந்தா உள்ள பேசுறது கேக்குமா?”

“நல்லாக் கேக்கும் அண்ணாச்சி.”

“எல்லாமா?”

அவள் துணியைக் கொடியில் விரித்து ஓரங்களை இழுத்துவிட்டாள். “அதான் சில நாளு குழாயத் தொறந்து விட்டுக்கிடுவேன்.”

அவள் உள்ளே போய்விட்டாள். அவர் அங்கேயே இருந்தார். வேலையில்லாமல் குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீரை வீணாக்குகிறாள் என்று எத்தனையோ முறை ஏசியிருக்கிறார். ஒருமுறை மேசையிலிருந்து எழுந்து வந்து, தம் கையாலேயே குழாயை இறுக மூடிவிட்டுப் போயிருக்கிறார். அவள் அப்போது தம்ளரோடு எழுந்து நின்றாள். அன்று மேசையில் என்ன பேசிக்கொண்டிருந்தோம் என்று யோசித்தார். நினைவுக்கு வரவில்லை. நினைவில் நிற்கும்படி பெரிதாக எதுவும் இருந்திருக்காது. வழக்கமாகப் பேசுவதைத்தான் பேசியிருப்பார்கள். அது தெரிந்தபோதுதான் அவரால் தலையைத் தூக்க முடியாமல் போயிற்று.

படம் பிரமாதமாக வந்தது. பின்வாசல் படியில் மஞ்சளும் ஊதாவும் பச்சையும் குழைந்து, கோயில் கோபுரத்து விளக்குபோல் ஜொலித்தன. சோபாவின் நுனியிலும் ஒரு கைப்பிடி பச்சை. சஹானா தன் அலுவலகத்துக்கு அதை மாதிரிப் படமாக அனுப்பிவைத்தாள். விளம்பரம் வெளியான அன்றே வாசகர் வட்டத்தார் ஒவ்வொருவராகப் படத்துக்குக் கீழே எழுதத் தொடங்கிவிட்டார்கள். மேடையில் சொன்னதை வீட்டில் செய்தவர் என்றார் ஒருவர். வட்டத்தின் ஆண்டுமலருக்கு இந்தப் படத்தையே அட்டையாகப் போட முடிவாகியிருக்கிறது என்று செயலாளர் கூப்பிட்டுச் சொன்னார். வேண்டாம் என்று கதிர்வாணன் சொன்னதை அவர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

அதன்பின் மதுரையிலிருந்து கடிதம் வந்தது. படங்களை நம்பப் பழகிய ஜனங்கள் அவற்றைச் சந்தேகப்படவும் பழகியிருந்தார்கள். ஆகையால், வாங்குபவர் கேட்கும் கேள்விக்கு விற்பவர் தம் கைப்பட எழுதி, உறையில் போட்டு ஒட்டி, தபாலில் அனுப்பும் மறுமொழியே கடைசிச் சான்று என்று சட்டம் இருந்தது. எழுதியிருந்தவர்கள் ஓர் இளம் தம்பதி. அவன் ஆசிரியன், அவள் கண் மருத்துவர்.

‘மூன்று நிறங்களும் ஒரே படியில் கலந்திருக்கும் வீட்டை நாங்கள் இதுவரை பார்த்ததில்லை. எங்கள் மகள் இப்படி ஒரு வீட்டில் வளர வேண்டும் என்பதற்காகவே இதை வாங்க விரும்புகிறோம். மூன்றாம் நிறத்துக்குரியவர் யார், வழக்கமாக எங்கே உட்காருவார் என்று தெரிவியுங்கள். அவர் தொடர்ந்து வருவாரானால், அவருடைய இடத்தை நாங்கள் மாற்ற மாட்டோம்.’

கதிர்வாணன் காகிதத்தை எடுத்துத் தேதி போட்டார். ‘படியில்’ என்று எழுதினார். கிழித்தார். உண்மையை எழுதினால் தம் பேரும் போகும், புதிதாக வருகிறவர்கள் அவளை மறுபடி அங்கேயே உட்காரவும் வைப்பார்கள். பொய்யை எழுதினால் அவளுக்கும் நல்லது, தமக்கும் நல்லது. இவ்வளவு தோதான ஒரு பொய் அவருக்கு அதுவரை வாய்த்ததே இல்லை. அதுதான் கையைப் பிடித்து இழுத்தது. கடைசியில் எழுந்து போய் வினோதினியிடம் கடிதத்தைப் படித்துக் காட்டினார்.

“வீட்டோட சேத்து என்னையும் வித்துட்டீங்களா அண்ணாச்சி?” என்றாள் அவள். குரலில் கேலிதான் இருந்தது. “நான் வரல. இந்த மாசத்தோட சரி. சஹானா மேடம் கம்பெனியில கூப்பிட்டிருக்காங்க. வீடு வீடாப் போயி உக்காரணும், அவ்வளவுதான். இனிமே அதான் வேல.”

“அப்ப என்னன்னு எழுதட்டும்?”

“உங்களுக்கு எது நல்லதோ அத எழுதுங்க. நான் என்ன வந்து பாக்கவா போறேன்.”

அவளுக்காகத்தான் பொய் சொல்கிறோம் என்ற சாக்கும் அந்தச் சொல்லோடு போயிற்று. இனி அந்தக் காகிதத்தில் மிச்சம் இருந்தது அவருடைய பேர் ஒன்றுதான்.

வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு, சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்காகப் பரிசு வாங்கிய அதே உருண்டை எழுத்தில் எழுதினார்: ‘அவர் எங்கள் வீட்டில் ஒருவர். தமக்குப் பிடித்த இடத்தில் உட்காருவார்.’ நறுமுகை பக்கத்தில் நின்று அதைப் படித்தாள். அவர் கையெழுத்திட்டு, மடித்து, உறையில் போட்டு ஒட்டினார்.

வினோதினி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு புறப்பட்டாள். மேசைமேல் உறை கிடந்தது.

“குடுங்க அண்ணாச்சி, நான் போற வழிதான். பெட்டியில போட்டுருதேன்.”

அவர் தயங்கியதை அவள் வேறுவிதமாக எடுத்துக்கொண்டாள். உறையைத் தானே எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். ஒரு முனை ஒட்டாமல் தூக்கிக்கொண்டிருந்தது.

“இது பிரிஞ்சிரும்” என்று சொல்லி, கட்டைவிரலால் அந்த முனையை நன்றாக அழுத்தித் தேய்த்தாள். ஒட்டிக்கொண்டதா என்று நகத்தால் சோதித்துவிட்டு எடுத்துக்கொண்டு போனாள். பகல் தபாலில் கடிதம் மதுரைக்குப் போயிற்று.