கையெழுத்து விழாத வரி

கட்டு கால் மாறியிருந்தது.

மனைவி கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். போர்வைக்கு வெளியே நீண்டிருந்த வலது காலில் வெள்ளைக் கட்டு. அவன் அறை வாசலிலேயே நின்று கைபேசியில் இருந்த படத்தைத் திறந்து பார்த்தான். ஐந்து நாளுக்கு முன், அரங்கத்தின் முதலுதவி அறையில் அவனே எடுத்த படம். அதில் கட்டு இடது காலில் இருந்தது.

சில படங்கள் கண்ணாடிபோல இடம்வலம் மாறி விழும் என்று எங்கோ படித்த ஞாபகம். அப்படித்தான் இருக்கும் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டு, படத்தில் அவளுக்குப் பின்னால் தெரிந்த அறிவிப்புப் பலகையைப் பெரிதாக்கினான். எழுத்துகள் நேராக இருந்தன.

"எந்தக் கால்ம்மா வலிக்குது?"

"இதான்" என்றாள், திரும்பாமல்.

அவன் ஓர் அலுவலகத்தில் கடிதப் பிரிவு எழுத்தர். எதையும் வரிசைப்படி செய்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். நிச்சயம் ஆன புதிதில் அவளுக்கு எழுதிய காதல் கடிதத்திலேயே மேலே நாள், எண், 'பொருள்' எல்லாம் போட்டவன். அவள் அதை உறவுக்காரர்கள் எல்லாருக்கும் படித்துக் காட்டிச் சிரித்தாள். அன்றிலிருந்து அவனுக்கு 'ரிஜிஸ்டர்' என்று பெயர். "பேய்க்கு வாழ்க்கைப்பட்டா புளியமரம் ஏறணும், ரிஜிஸ்டருக்கு வாழ்க்கைப்பட்டா பைலுக்குள்ள குடும்பம் நடத்தணும்" என்பாள். அரங்கத்திலிருந்து வந்த இந்த ஐந்து நாளில் அவள் ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிடவில்லை.

பதினைந்தாயிரம் பேர் உட்காரும் அரங்கம். அன்று இசை நிகழ்ச்சி. இடைவேளையில் மூன்றாம் அடுக்கிலிருந்து இறங்கும்போது, படி விளிம்பில் பெயர்ந்து கிடந்த ரப்பர் பட்டை தட்டி, எட்டுப் படி உருண்டாள். இடது செருப்பு தெறித்து விழுந்தது. ஊழியர்கள் சக்கர நாற்காலியில் வைத்து, இருக்கைகளுக்கு அடியில் ஓடும் நீண்ட நடைபாதை வழியாக முதலுதவி அறைக்குத் தள்ளிப் போனார்கள். நரைத்த தலை நர்ஸ் ஒருத்தி பச்சைத் திரைக்குள் வைத்துக் கட்டுப் போட்டாள். அவன் வெளியே நின்று மச்சானுக்குப் போன் செய்தான். மச்சான், அவள் அண்ணன், வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா.

"பதறாதீங்க மாப்ள. முதல்ல படியைப் போட்டோ எடுங்க, காலையும் எடுங்க. பார்த்தவங்க போன் நம்பர் வாங்குங்க. செருப்பைத் துடைக்காம பையில போட்டு வைங்க. நாளைக்கே வேற டாக்டர்கிட்ட சீட்டு வாங்கிடணும், விபத்து அறிக்கை நகல் கேட்டு லெட்டர் போடணும். எல்லாத்தையும் விட முக்கியம், அவங்க நீட்டுற எதுலயும் கையெழுத்து மட்டும் போட்டுடாதீங்க, அப்புறம் நஷ்டஈடு கேட்க முடியாது."

அவன் திரையை விலக்கிக் காலைப் படம் எடுத்துவிட்டு வெளியே வந்ததும், நர்ஸ் ஒரு தடித்த பதிவேட்டை நீட்டினாள். 'உள்ளே' என்று ஒரு கட்டம், 'வெளியே' என்று ஒரு கட்டம்.

"கையெழுத்து இல்லாம வெளியேன்னு எழுத முடியாதுங்களே."

"எழுதாதீங்க."

"அப்ப உள்ள இருக்கறதாத்தான் இருக்கும்."

"இருந்துட்டுப் போகட்டும்" என்றான் அவன், தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு.

திரைக்குள் அவன் நுழையவும், மேலே பாட்டுத் தொடங்கவும் சரியாக இருந்தது. பதினைந்தாயிரம் தொண்டைகள் ஒன்றாகக் கத்தியதில் சுவர் அதிர்ந்தது. விளக்கு ஒரு நொடி போய் வந்தது. அவன் அவளைத் தாங்கிக்கொண்டு வெளியே வந்தான். அவள் வெறுங்காலோடு இருந்தாள் என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தான்.

அதன் பிறகு வீட்டில் ஒரு வாசனை. ஈரச் சிமெண்டும் கசங்கிய காகிதக் கோப்பையும் ஆயிரம் பேர் விட்டுப்போன மூச்சும் கலந்த, பூட்டிய அரங்கத்தின் வாசனை. படுக்கை விரிப்பில் அடித்தது. ஜன்னலைத் திறந்து வைத்தும் போகவில்லை. துவைத்து உலர்த்திய அவன் சட்டையில்கூட இருந்தது. அவள் தூங்கும்போது மூச்சை உற்றுக் கேட்டால், அதற்கு அடியில் வேறொரு சத்தம் கேட்டது. வெகு தொலைவில், பெருங்கூட்டம் ஒன்று எழுந்து உட்காரும் இரைச்சல். டாக்டரிடம் போகலாம் என்றால் வேண்டாம் என்றாள். கட்டைத் தொட விடவில்லை. அவன் அலுவலகம் போகும் நேரத்தில் மட்டும், அவளுக்கென்று வாங்கிய ஊன்றுகோல் வீட்டுக்குள் நடமாடும், டொக், டொக் என்று. படியிறங்கியவன் நின்று கேட்டால் அதுவும் நின்று கேட்கும்.

ஆறாம் நாள் காலை அரங்கத்தின் பதில் வந்தது. அவன் கேட்டிருந்தது அறிக்கை நகல்.

'தங்கள் கடிதம் கிடைத்தது. நோயாளி இன்னும் எங்கள் முதலுதவி அறையிலேயே இருப்பதால் அறிக்கையை முடிக்க இயலவில்லை. நேரில் வந்து கையொப்பமிட்டு அழைத்துச் செல்லக் கேட்டுக்கொள்கிறோம்.'

மச்சான் போனில் சிரித்தான். "இதெல்லாம் அவங்க தந்திரம் மாப்ள. போய் நகலை வாங்குங்க. கையெழுத்து மட்டும் வேணாம்."

மனைவியிடம் அலுவலகம் போவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

நிகழ்ச்சி இல்லாத நாள். பிற்பகல் வெயில் வெளியே காய்ந்துகொண்டிருக்க, நடைபாதைக்குள் வெளிச்சம் பத்தடிகூட வரவில்லை. காவலாளி முதல் வளைவு வரைக்கும் வந்து கையைக் காட்டிவிட்டுத் திரும்பிவிட்டான். தனியாக நடந்தவனின் காலடிச் சத்தம் முன்னால் போய்ச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. தலைக்கு மேலே காலி இருக்கைகள். அவற்றில் ஒன்று மடங்கியது. பிறகு இன்னொன்று.

நர்ஸ் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். எதுவும் கேட்காமல் பதிவேட்டைத் திறந்து, ஒரு வரிக்குக் கீழே மரஸ்கேலை வைத்து மீதியை மறைத்தாள். 'மூன்றாம் அடுக்குப் படி. பெண். இடது கணுக்கால். உள்ளே.'

அறையில் இரண்டு பச்சைத் திரைகள். இரண்டாவதற்குப் பின்னால் யாரோ எழுதிக்கொண்டிருந்தார்கள். காகிதத்தில் பேனா கீறும் சத்தம், நிற்காமல். முதல் திரைக்குக் கீழே இரண்டு பாதங்கள் தொங்கின. இடது பாதத்தில் கறுத்துப்போன கட்டு. வலது பாதத்தில் செருப்பு. அதன் ஜோடியைத்தான் அவன் வீட்டில் பையில் கட்டி வைத்திருந்தான்.

"ரிஜிஸ்டர் சார்" என்றது உள்ளிருந்து ஒரு வறண்ட குரல். "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. பேனாவை எடுத்தான்.

கைபேசி அடித்தது. வீட்டு எண்.

"போட்டுடாதீங்க" என்றாள் வீட்டில் இருந்தவள். அரங்கத்துக்குப் போவதாக அவன் அவளிடம் சொல்லவில்லை. "போட்டா ரெண்டு பேருக்கும் நல்லதில்ல. நாம சேர்ந்துதானே வந்தோம்."

அவன் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

"ஒரு வரி முடிஞ்சுது" என்றாள் நர்ஸ். ஸ்கேலை எடுக்கவில்லை.

மெலிந்து, உதடு வெடித்து, ஆனால் அவளேதான். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் தத்தித் தத்தி வந்தாள். வாசலில் நர்ஸ் அவள் கையில் ஓர் உறையைக் கொடுத்தாள். "பக்கத்துக் கட்டில்காரர் குடுக்கச் சொன்னாரு. வீட்டுக்குப் போய்ப் பாருங்க."

வாடகைக் காரில் அவள் கண்ணை மூடியபடியே பேசினாள். "வெளிய வர விடமாட்டேன்னுட்டாங்க. உங்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டையே போச்சு. பக்கத்துத் திரைக்குள்ள ஒரு ஆளு. முகத்தைப் பார்க்கல, குரலும் கேட்கல. எழுதற சத்தம் மட்டும்தான். உங்களை மாதிரியே ஒரு ஜென்மம் போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

அவன் சிரித்தான். ஆறு நாளில் முதல் சிரிப்பு.

வீடு திறந்தே கிடந்தது. அவளைக் கூடத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் படுக்கையறையை எட்டிப் பார்த்தான். கட்டில் காலி. விரிப்பின் மேல் வெள்ளைக் கட்டு, அவிழாமல், ஒரு வலது பாதத்தின் வடிவத்தில் நின்றுகொண்டிருந்தது. ஊன்றுகோலைக் காணவில்லை. கதவைச் சாத்தினான். அவளிடம் இதையெல்லாம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம்.

தண்ணீர் கொடுத்தான். எதிரே உட்கார்ந்து பைலைப் பிரித்து, அழைத்து வந்த நாளையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளத் தொடங்கினான். அவள் உறையைக் கிழித்தாள். படித்ததும் புன்னகை வந்தது. பிறகு அது முகத்திலேயே உறைந்து நின்றது.

"என்னம்மா?"

அவள் கடிதத்தைப் பார்த்தாள். அவன் கையைப் பார்த்தாள்.

"எப்போலேருந்து இடது கையால எழுதறீங்க?"

எப்போதும் என்று சொல்ல வாயெடுத்தான். அவள் மடியிலிருந்த கடிதம் அவனுக்குத் தலைகீழாகத் தெரிந்தது. ஆனாலும் படிக்க முடிந்தது. மேலே நாள். எண். அதன் கீழே, வலப்பக்கம் சாய்ந்த அழகான கையெழுத்தில்:

'பொருள்: நான் இன்னும் உள்ளே இருப்பது தொடர்பாக.'

பைலில் அவன் எழுதிய வரிகள் எல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருந்தன.

நிச்சயதார்த்தத்தை நினைத்துப் பார்த்தான். அந்தக் கடிதத்தை நினைத்தான். எல்லாம் தெரிந்தது, யாரோ சொல்லிக் கேட்டதுபோல. அதற்கு முன்னால் என்று தேடினால் இரைச்சல். பதினைந்தாயிரம் பேர். ஒரே குரல்.

அவள் சுவரைப் பிடித்து எழுந்தாள். ஒற்றைக் காலில். வாசல் பக்கம். அழவில்லை. அவன்மேல் வைத்த கண்ணை எடுக்கவுமில்லை.

அவள் போய்விடக் கூடாது. அவனுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

அவன் இடது கை அவளை முந்திக்கொண்டு வாசல் தாழ்ப்பாளைத் தொட்டது.

உள்ளே, காலியாக இருந்த படுக்கையறையில்.

டொக்.

டொக்.

"கதவைச் சாத்திட்டீங்களா?" என்று கேட்டது வீட்டில் இருந்தவளின் குரல்.