திரும்பியிருந்த கொக்கி

வாசல் மணி விடாமல் மூன்று முறை அடித்தது. குடித்துக்கொண்டிருந்த காப்பியை அப்படியே வைத்துவிட்டு மருமகள் ஓடினாள். வீட்டில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர். பெயர் வைத்தது மாமியார்தான். காவல்துறையின் கைரேகைப் பிரிவில் முப்பது வருடம் குப்பை கொட்டி ஓய்வு பெற்ற அந்த அம்மாள், இப்போது வீட்டின் முன்னறையில் துப்பறியும் அலுவலகம் நடத்தி வந்தார். கார் ஓட்டக் கற்றுத்தரும் வேலையில் இருந்த பட்டாசு, வகுப்பு இல்லாத நேரமெல்லாம் அங்கேதான் கிடப்பாள்.

வாசலில் ரயில் ஓட்டுநர் சீருடையில் ஒரு பெண் நின்றிருந்தார். ஒரு கையில் பழைய கறுப்புக் கம்பளிக் கோட்டு. கண்கள் சிவந்திருந்தன.

"இன்னைக்கு எனக்கு நாற்பது வயசு முடியுது," என்றார் உட்கார்ந்ததும். "மூணு மணிக்கு வண்டி எடுக்கணும். அதுக்குள்ள என் அம்மா எழுதின கடிதத்தைக் கண்டுபிடிச்சுக் கொடுங்க."

பட்டாசுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மாமியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "ஆரம்பத்துல இருந்து சொல்லும்மா," என்றார்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆஸ்பத்திரியில் இருந்த தாயார் இந்தக் கோட்டின் லைனிங்குக்குள் ஒரு கடிதத்தை வைத்துத் தன் கையாலேயே தைத்து, தைத்து முடித்த பிறகுதான் மகளிடம் கொடுத்தாராம். 'பொம்பளைக்கு நாற்பதுலதான் நிதானம் வரும், அன்னைக்குப் பிரிச்சுப் படி' என்று சொல்லிவிட்டு அடுத்த வாரமே கண்ணை மூடிவிட்டார். கடிதத்தை வேறு யாரும் பார்த்ததில்லை. ஓட்டுநரின் தங்கை அப்போது வெளியூரில் படித்துக்கொண்டிருந்தாள்.

"கோட்டை நான் போட்டதே இல்ல. அலமாரியிலயே தொங்கும். நேத்து வசந்தத்துக்காக அலமாரியை ஒழிக்க ஆரம்பிச்சேன். அப்பவும் தடவிப் பாத்தேன், காகிதம் சரசரன்னுச்சு. இன்னைக்குக் காலையில பிரிச்சா, உள்ள வெறும் வெள்ளைத்தாள்!"

"கடிதம் இருக்கறது யாருக்கெல்லாம் தெரியும்?"

"என் வீட்டுக்காரர், அவர் பேக்கரி வச்சிருக்கார். என் தங்கச்சி, மாட்டு டாக்டர். அப்புறம் சலவைக்கடைக்காரர். வருஷா வருஷம் குளிர் முடிஞ்சதும் கோட்டை அவர்கிட்ட கொடுப்பேன், லைனிங்கைத் தொடாதீங்கன்னு சொல்லி. கடைசியா போன வருஷம் கொடுத்தேன்."

"சலவைக்கடைக்காரர்தான் அத்தை!" என்று பட்டாசு துள்ளினாள்.

"அவசரத்துக்கு அண்டாவுக்குள்ளகூட கை நுழையாது," என்றார் மாமியார். "வண்டியை எடு. அலமாரியைப் பாக்கலாம்."

ஓட்டுநரின் படுக்கையறையில் அலமாரி திறந்தே கிடந்தது. கட்டில்மேல் கம்பளித் துணிகள் மலைபோல் குவிந்திருந்தன. மூலையில் தானத்துக்குப் போகும் துணிப்பை. கையில் மாவு ஒட்டியிருந்த கணவர், அழைப்பு வந்து பாதி வேலையில் ஓடிவந்திருந்தார். தங்கையும் மருந்துப் பெட்டியோடு வந்து சேர்ந்தாள்.

"அந்தப் பையில எதைப் போடறதுன்னு எப்படி முடிவு பண்ணின?" என்று மாமியார் கேட்டார்.

"குளிர் தொடங்கற அன்னைக்கு எல்லா ஹேங்கரையும் கொக்கி நம்மளைப் பாக்கற மாதிரி மாட்டிடுவேன். உடுத்தினதைத் திரும்ப வைக்கும்போது மட்டும் கொக்கியைச் சுவர்ப் பக்கம் திருப்புவேன். வசந்தத்துல எது நம்மளைப் பாத்தபடியே நிக்குதோ, அது உடுத்தாத துணி. வெளியே போயிடும்."

"இப்படித்தான் என் மூணு நல்ல சட்டையைத் தானம் பண்ணிட்டா," என்று கணவர் முணுமுணுத்தார். "இப்பெல்லாம் உடுத்தறேனோ இல்லையோ, பத்து நாளைக்கு ஒரு தடவை என் சட்டைக் கொக்கியை மட்டும் நானே சுவர்ப் பக்கம் திருப்பி வச்சுடறேன்."

"கோட்டோட கொக்கி?"

ஓட்டுநர் அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். "சுவரைப் பாத்து இருந்துச்சு! காகிதத்தைத் தடவிப் பாக்கற ஆசையில நான் அதை யோசிக்கல. ஆனா நான் போடவே இல்லையே, அது நம்மளைப் பாத்துல்ல இருக்கணும்!"

"சரி." மாமியார் கோட்டின் பைக்குள் கைவிட்டு மூன்று அந்துருண்டைகளை எடுத்தார். ஒவ்வொன்றும் கோலிக்குண்டு அளவு இருந்தது. பிறகு கட்டிலில் கிடந்த ஒரு ஸ்வெட்டரின் மடிப்பை உதறினார். மிளகு அளவில் இரண்டு உருண்டைகள் உதிர்ந்தன.

"எல்லாத்துலயும் ஒரே நாள்லதான் போட்டியா?"

"ஆமா, குளிர் தொடக்கத்துல."

அடுத்து மாமியார் கோட்டின் அடிப்பக்கத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். காலையில் ஓட்டுநர் கத்தரித்தது ஒரு சாண் நீளம்தான். அதற்கு அப்பால் தையல் அப்படியே இருந்தது. பட்டாசு எட்டிப் பார்த்தாள். ஒரு தையல், ஒரு முடிச்சு. இன்னொரு தையல், இன்னொரு முடிச்சு. அவள் இதுவரை பார்த்த எந்தத் துணியிலும் இப்படி ஒரு தையலைப் பார்த்ததில்லை. எங்கேயோ பார்த்திருக்கிறாள், ஆனால் துணியில் இல்லை.

மாமியார் மூவரையும் உட்காரச் சொன்னார். "கடிதத்தைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? சும்மா சொல்லுங்க."

"அம்மா எழுதினதுங்கறது மட்டும்தான் தெரியும்," என்றார் கணவர்.

"எனக்கும் அவ்வளவுதான்," என்றாள் தங்கை அவசரமாக. "அக்கா பேருக்கு எழுதியிருக்காங்க. எனக்கென்ன தெரியும் அந்த மஞ்சள் உறைக்குள்ள என்ன இருக்குன்னு?"

பட்டாசு தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

"நான் கடிதம்னுதான் கேட்டேன்," என்றார் மாமியார் மெதுவாக. "தடவிப் பாத்தா காகிதம்னு தெரியும். மஞ்சள்னு விரலுக்குத் தெரியாதே?"

தங்கையின் முகம் வெளிறியது. மாமியார் ஓட்டுநர் பக்கம் திரும்பினார்.

"குளிர் தொடக்கத்துல நீயே கொக்கியை நம்ம பக்கம் திருப்பின. அதுக்கப்புறம் யாரோ கோட்டை எடுத்து, வழக்கம்போலச் சுவர்ப் பக்கமாவே மாட்டியிருக்காங்க. அப்போ, போன வருஷமே கோட்டைத் திருப்பிக் கொடுத்த சலவைக்கடைக்காரர் இல்ல. உன் வீட்டுக்காரரும் இல்ல. கொக்கி விஷயத்துல சூடுபட்ட மனுஷன், அவர் எடுத்திருந்தா சரியா மாட்டியிருப்பார். தைக்கறதுக்காகக் கோட்டைக் கவுத்தப்போ கரைஞ்ச உருண்டை கொட்டிப்போச்சு. அலமாரி மேல இருக்கற டப்பாவிலிருந்து புதுசு எடுத்துப் போட்டாச்சு. உருண்டை கொஞ்சம்கூடக் கரையல, அதனால நடந்து ரெண்டு வாரத்துக்குள்ளதான் இருக்கும். உன் தங்கச்சி எப்ப வந்தா?"

"பத்து நாள் முன்னாடி," என்றார் ஓட்டுநர், தங்கையைப் பார்த்தபடி. "நான் டியூட்டி முடிச்சு வர வரைக்கும் இந்த ரூம்லதான் இருந்தா."

"தையல்காரர் ஒரே நூலை ஓட்டிக்கிட்டே போவார். ஒவ்வொரு தையலையும் தனித்தனியா முடிச்சுப் போட்டு வெட்டறது யாரு?"

"காயத்துக்குத் தையல் போடறவங்க!" என்று பட்டாசு கத்தினாள். "என் முழங்கால்ல போட்ட தையல் இப்படித்தான் இருந்துச்சு அத்தை!"

தங்கை மருந்துப் பெட்டியைத் திறந்தாள். பஞ்சுச் சுருளுக்கு அடியிலிருந்து மஞ்சள் உறை வெளியே வந்தது. ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது.

"நான் பிரிக்கலக்கா, சத்தியமா பிரிக்கல," என்று விம்மினாள். "அம்மா உனக்கு எழுதினாங்க. எனக்கு ஒரு வார்த்தையும் விட்டுட்டுப் போகல. அதுக்குள்ள என்னைப் பத்தி ஒரு வரியாவது இருக்கான்னு பாக்கணும்னு எடுத்தேன். எடுத்தப்புறம், ஒரு வரிகூட இல்லைன்னா என்ன பண்றதுன்னு பயந்துட்டேன். தினமும் மாட்டுக்கு ஊசி போடற கையால இதைப் பிரிக்க முடியல."

ஓட்டுநர் உறையை வாங்கினார். கோபமா அழுகையா என்று தெரியாத ஒரு மூச்சு விட்டார். பிறகு தங்கையின் கையைப் பிடித்து இழுத்துக் கட்டிலில், துணிக்குவியலுக்கு நடுவே, தன் பக்கத்தில் உட்காரவைத்து உறையைக் கிழித்தார்.

முதல் வரியைப் படித்தவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"'இந்தக் கோட்டை இன்னுமா வச்சிருக்க? பூச்சி அரிச்சிருக்குமே. தூக்கிப் போட்டுட்டு நல்லதா ஒண்ணு வாங்கிக்க.'" அடுத்த வரிகளை மெதுவாகப் படித்தார். "'சின்னவ பக்கத்துல இருக்காளா? இல்லைன்னா இதோட நிறுத்திடு. அவ வந்தப்புறம் மேல படி. ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் எழுதியிருக்கேன். படிப்பு நடுவுல இருக்கற பிள்ளை, இப்ப கொடுத்தா படிப்பை விட்டுட்டு ஓடி வந்துடுவா. அதனாலதான் உன்கிட்ட கொடுத்து வச்சேன்.'"

தங்கை இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். கணவர் மாவுக் கையோடு கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் வெள்ளையானது.

மாமியார் எழுந்து, மருமகளின் முழங்கையைத் தட்டினார். பட்டாசுக்கு மீதிக் கடிதத்தையும் கேட்டுவிட வேண்டும்போல் துடித்தது. ஆனாலும் வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

உள்ளே தங்கையின் குரல், மூக்கை உறிஞ்சியபடி கேட்டது: "ரெண்டாவது பக்கத்தை நான் படிக்கறேன்."

"இந்தா," என்றது அக்காவின் குரல். "மெதுவாப் படி. மூணு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு."